பன்னிரண்டாவது கல்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தெருவுக்கு அவர் தவளை மாமா. வாரத்துக்கு இரண்டு நாள், பொழுது சாயும் நேரத்தில் ஏரியைச் சுற்றி நடந்து, தவளைகள் கத்துவதைக் கேட்டு எழுதி வைப்பது அவருடைய உத்தியோகம். பதினோரு வருடமாக இதே பிழைப்பு. இதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை அவருடைய மாமியார் கடைசிவரை நம்பவில்லை.

கரை நெடுக மஞ்சள் பெயிண்ட் அடித்த பன்னிரண்டு கல். ஒவ்வொரு கல்லிலும் முதலில் இரண்டு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். காலடிச் சத்தத்தைத் தவளைகள் மறக்க வேண்டுமாம். பிறகு ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். பேசக் கூடாது, தும்மக் கூடாது. ஒன்றுமே கேட்காவிட்டால் பூஜ்யம். தனித்தனியாக எண்ண முடிந்தால் ஒன்று. குரல்மேல் குரல் ஏறினால் இரண்டு. இடைவெளியே இல்லாமல் காதை அடைத்தால் மூன்று. மை ஈரத்தில் ஊறிவிடும் என்பதால் பென்சில்தான்.

நாணல் தவளை என்று ஒன்று உண்டு. கட்டைவிரல் நகத்தில் உட்கார்ந்துவிடும்; குரல் மட்டும் ஊசி. பன்னிரண்டாவது கல்லில் அதற்கு எப்போதும் மூன்றுதான். நாலு வருடம் முன்பு இரண்டானது. அப்புறம் ஒன்று. போன வருடத்திலிருந்து பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கோழி வரிசையாக முட்டையிட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது பதிவேட்டின் அந்தப் பத்தி.

அந்த முட்டைகளை நம்பித்தான் சம்பளம் கொடுக்கும் ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்தின் மேடம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். மேட்டிலிருக்கும் சாயப் பட்டறைகளின் கழிவு வாய்க்காலை மூடச் சொல்லும் அறிக்கை.

"உங்க பதிவேடு ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. அதுல ஒரு ஓட்டை இருந்தாலும் நம்மளக் கிழிச்சுக் காயப்போட்டுருவாங்க," என்றார்.

ஓட்டை தவளை மாமா வீட்டுச் சமையலறையில் இருந்தது.

குக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். மனைவி ஈரத் தலையோடு ஓடி வந்தாள்.

"என்னங்க, மூணு விசில்ல அணைக்கச் சொன்னேன்ல?"

"இன்னும் ஒண்ணுகூட வரலையே."

"எட்டு வந்தாச்சு. எதிர்வீட்டுக்காரங்க எண்ணிச் சொல்றாங்க. நீங்க என்ன, தவளை கத்தினாத்தான் அணைப்பீங்களா?"

சொல்லிச் சிரித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவர் பென்சிலும் நின்றுவிட்டது.

காது டாக்டர் ஒரு தாளை நீட்டினார். "தாழ்ந்த சத்தமெல்லாம் நல்லாவே கேக்குது. ஊசியா வர்றது சுத்தமா இல்ல. எப்போ போச்சுன்னு என்னால சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போயிருக்கும்."

மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம். செத்தது தவளையா, காதா?

காது என்றால் அறிக்கை குப்பைக்குப் போகும், வேலையும் கூடவே போகும். ஆனால் படியிறங்கும்போது மனுஷன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"காது போச்சுங்கிறாங்க, பல்லைக் காட்டிட்டு வர்றீங்க?" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

"அப்போ அதுங்க உயிரோட இருக்கலாம்ல?"

அவள் டாக்டர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "நாளைக்கு நானும் வர்றேன்," என்றாள்.

பழைய ஒலிப்பதிவைப் போட்டு நாணல் தவளையின் குரலை அவளுக்குப் பழக்கினார். "யாரோ கண்ணாடியைச் சொரண்டுற மாதிரி இருக்கு. இதுக்கா இத்தனை வருஷம் கால் தேய நடந்தீங்க?" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் கிளம்பினார்கள். பேசக் கூடாது என்பதால் அவள் விரலால் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் ஐந்து கல்லில் பெரிய தவளைகளின் கட்டைக் குரல். அவள் விரலும் அவர் காதும் ஒத்துப்போயின. ஆறாவது கல்லில் கழிவு வாய்க்கால் வந்து சேர்ந்தது. ஊதா நுரை கரையில் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒன்பதாவதில் கட்டைக் குரலும் நின்றுபோனது. பத்தாவதில் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பார்த்தார். கொசுகூடக் கடிக்கவில்லை. கொசுப் புழுகூடப் பிழைக்காத தண்ணீரா என்ற நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டாவது கல். இரண்டு நிமிடம் சும்மா நின்றார்கள். கேட்க ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவள் கை மேலே வந்தது. மூன்று விரல்.

அவருக்கு நெஞ்சு துள்ளிற்று. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

தவளைக் குரல் கேட்டவர்கள் நாணலைத்தான் பார்ப்பார்கள்; கண் தானாகப் போய்விடும். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு மூன்று ஒருநாளும் எடுத்த எடுப்பில் வராது. ஒருத்தன் ஆரம்பிப்பான், இன்னொருத்தன் ரோஷப்பட்டுச் சேருவான், அப்புறம்தான் ஊரே கூடும்.

அந்த மூன்று விரல்களையும் அவர் ஒவ்வொன்றாக மடக்கினார். அவள் கை சில்லென்றிருந்தது. ஐந்து நிமிடம் முடியும்வரை நின்றார்கள். அதற்கு மேலும் ஐந்து நிமிடம், எந்த விதியிலும் இல்லாதது, நின்றார்கள்.

"நிஜத்தைச் சொல்லு."

"உங்க வாட்ச் ஓடுறது கேக்குது. வேற எதுவுமே கேக்கலீங்க."

பூஜ்யம் போட்டார். குறிப்புப் பத்தியில், 'கேட்டவர் என் மனைவி. எனக்கு ஊசிக் குரல் கேட்பதில்லை. எப்போதிருந்து என்று தெரியாது. டாக்டர் தாள் இணைப்பு,' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இனி அறிக்கை நிற்குமோ படுக்குமோ, அது மேடம் பாடு.

திரும்பும் வழியில், ஊதா நுரை தொடங்கும் இடத்தில் அவள் நின்றாள்.

"ஏங்க, இந்தத் தண்ணிதானே நம்ம வீட்டுக் குழாய்ல வருது?"

அவளுக்குத் தாழ்ந்த குரல். அவருக்கு அது நன்றாகவே கேட்டது.