கம்பத்துக்கு நாலு பேர்

கேரியர் வேண்டுமா என்று வேன்காரர் போன் செய்து கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

"பதினேழு சீட்டு வண்டிம்மா. மேல கேரியர் போட்டதா அனுப்பட்டா? பிரியாணி தேக்சா, கேஸ் அடுப்புலாம் ஏத்தணும்னு சார் சொன்னாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகவிருந்தது நாலே பேர். நான், குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரர், இரண்டு பெண் பிள்ளைகள். நாலு பேருக்கு எதற்கு தேக்சா?

ஒரு வருடமாக நான் போட்ட திட்டம் இது. சிதம்பரத்திலேயே வளர்ந்த என் பிள்ளைகள் மலையைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். எங்கள் பக்கம் எந்தத் திசையில் போனாலும் தட்டையாக வயல், அதை விட்டால் கடல். கம்பத்துப் பக்கம் மலையும் ஆறும் திராட்சைத் தோட்டமும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று தேடிப் பிடித்தேன். தோட்டத்துக்குள்ளேயே ஒரு வீடு, இரண்டே அறை. தோட்டக்காரம்மாவிடம் நானே பேசி முடித்தேன். வீடியோ காலில் இவர் எல்லாவற்றுக்கும் "சரி, உன் இஷ்டம்" என்றார். நாற்பத்தைந்து நாள் லீவில் எங்களுக்கு நாலு நாள். நான் கேட்டது அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஆளை வீட்டுக்கு வீடு விருந்துக்குக் கூப்பிடுவது எங்களில் வழக்கம். போகாவிட்டால் மனஸ்தாபம். கடலூரில் நாத்தனார் வீடு, குறிஞ்சிப்பாடியில் மாமா வீடு, திட்டக்குடியில் சின்னம்மா வீடு என்று போய்வந்தோம். போன இடத்திலெல்லாம் சோற்றில் கை வைத்ததுமே, "கம்பம் போறோம், நீங்களும் வாங்களேன்" என்றிருக்கிறார் இந்த மனுஷர். நான் உள்ளே பெண்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் காதில் விழவில்லை.

போனை வைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். இவர் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மொத்தம் எத்தன பேரு மச்சான்?"

"நம்மளயும் சேத்து பதினஞ்சு. சின்னம்மாவும் வந்தா பதினாறு."

"ரெண்டு ரூமுல பதினாறு பேரு எப்புடி படுக்குறது?"

"அதான் கொடைக்கானலுக்கு மாத்திக்கலாம்னு அக்கா சொல்லுது."

"யாரு சமைக்கிறது?"

"எல்லாரும் சேந்துதான்..."

எல்லாரும்! அந்த எல்லாரும் யாரென்று எனக்குத் தெரியாதா? மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தும் நான் மூன்று கிலோ வெங்காயம் உரிக்க வேண்டும், இவர் தன் அக்கா பிள்ளைகளுக்கு அருவி காட்டுவார். கத்தினேன். பக்கத்து மாடிக்குத் துணி காயப்போட வந்த அம்மா அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

"ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்கீங்க. எங்களோட நாலு நாளு இருக்க அவ்வளவு கசக்குதா?"

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"கசக்கல. பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"பன்னெண்டு வருசமா அங்க ஒரே ரூமுல எட்டுப் பேரு. இங்க வந்தா வீடு நெறய ஆளு. உன்னயும் புள்ளைங்களயும் மட்டும் வெச்சுக்கிட்டு நாலு நாளு என்னா பேசுறதுன்னு எனக்குத் தெரியல. போன்ல பேசுறதுலாம் சாப்ட்டியா, தூங்குனியா, அவ்வளவுதான."

இதைக் கேட்டதும் என் கோபம் தணிந்தது என்று எழுத ஆசைதான். தணியவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் ஜாஸ்தியானது. அவர் மேல் கோபம், வாழ்க்கையை லீவு லீவாக நறுக்கிக் கொடுத்த அந்த வேலை மேல் கோபம். ஒவ்வொரு முறையும் "இன்னும் ரெண்டு வருசம்" என்று அவர் சொன்னபோது தலையாட்டிய என் மேல்தான் எல்லாவற்றையும் விட அதிகம்.

அங்கேயே நின்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். வேன் கிடையாது, நாங்கள் நாலு பேர் மட்டும் போகிறோம் என்றேன். மாமாவும் சின்னம்மாவும் முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டார்கள். கடலூர் நாத்தனார் விடவில்லை.

"எந்தம்பிய எங்ககிட்டேருந்து பிரிக்கிறியா?"

"ஆமா மதினி. நாலு நாளைக்கு."

பிறகு வேன்காரரைக் கூப்பிட்டு ஒரு கார் மட்டும் போதும் என்றேன். என் வீட்டுக்காரர் ஈரக்கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க வந்தும் எனக்குப் பேச்சே வரலன்னா?"

"நான் பேசுறேன். பன்னெண்டு வருச சண்ட எங்கிட்ட இருக்கு மச்சான். நாலு நாளு பத்தாது."