மண்பானைக்குள் கடற்படை

வானொலி திருத்தும் கடையொன்றில் இன்று ஈயம் உருகும் மணம் வந்ததும், கடற்படைத் தளத்துக்குக் கிட்டவிருந்த எங்கள் லிங்கநகர் வீட்டுக் குசினி மேசையும், பிஸ்கட் தகரத்துக்குள் அக்கா கட்டிய அம்பிளிபயரும், நல்ல முழக்கம் வேண்டுமென்று அவள் மண்பானையின் வாயில் பொருத்திய ஸ்பீக்கரும், யுத்தகாலத்து மாலையொன்றும் சேர்ந்தே வந்துவிட்டன.

பாட்டுப் போடுமுன்னே பானை சிங்களத்தில் கதைக்கத் தொடங்கியது. கச்சேரியில், அரசாங்க அலுவலக வேலையில், சிங்களம் பழகியிருந்த அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"நேவிக்காரன்ர வயர்லஸ் பிள்ளை! ரோந்து வாறவங்களுக்குக் கேட்டால் எங்களைக் கொண்டுபோயிடுவாங்கள். கிணத்துக்குள்ள போடு!"

அக்கா அசைபவளா? எந்தப் பழுதையும் விரலால் தேடுகிறவள் அவள். ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே போனாள். பாட்டுப் போடும் டேப் ரெக்கோடரிலிருந்து வந்த நீள வயரில் விரல் பட்டதும் குரல் தேய்ந்தது.

"இதுதான் ஏரியல் மாதிரி அவங்கட அலையைப் பிடிக்குது."

அதைச் சாணளவாக நறுக்கி, மறுபடி ஈயம் வைத்தாள். பானை வாயை மூடிக்கொண்டது. நான் கைதட்டினேன்.

அம்மா மட்டும் நறுக்கிய வயரைக் குனிந்து எடுத்து, புழுதி துடைத்து, கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"இதைத் திருப்பிப் பூட்டேலாதோ பிள்ளை? மெல்லமா வைச்சுக் கேப்பம். அவங்கள் ஊரைச் சுற்றிவளைச்சுத் தேட வெளிக்கிட்டால் எங்களுக்கு முதலே தெரியுமெல்லோ."