வேட்டியை எடுத்து வந்த இயந்திரம்

“ஆடி முதல் வியாழன். குற்றாலத்தில் குளிக்கத் தடை நீடிக்கிறது. கல்குழியில் இயந்திரம் இறக்கினார்கள். வேட்டி வந்தது.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. யாருடைய வேட்டி என்று எழுதவில்லை. தென்காசியில் எங்கள் தெருவுக்கே அது தெரிந்திருந்தது.

வேட்டி என் சகலையுடையது; அவர் என் மனைவியின் தங்கை கணவர். ஐந்தருவியில் பழக்கடை வைத்திருந்தார். சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான். அருவியில் வெள்ளம் வந்து தடை போட்டுவிட்டால் கூட்டம் திரும்பிப் போய்விடும், பழம் அழுகும். அந்தச் செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு வரும் வழியில், கைவிடப்பட்ட கல்குவாரிக் குழியில் குளிக்க நின்றிருக்கிறார். மேட்டில் பைக் இருந்தது. அதன் மேல் பேண்ட்டும் சட்டையும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஆள் இல்லை.

அவருடைய தாயார் அங்கே வந்து நின்றதும் சொன்ன முதல் வார்த்தை இது. “எம்மவன் நீச்சல் தெரிஞ்சவன். தண்ணில போகமாட்டான். இவ வாய்க்குப் பயந்து ஆரியங்காவு தாண்டி கேரளாவுக்குப் போயிட்டான்.”

முந்தின நாள் வீட்டில் சண்டை நடந்தது உண்மை. பக்கத்து வீடுகள் கேட்டிருந்தன. ஆகவே உடல் கிடைக்கவில்லை என்றால் அவர் மனைவி, என் கொழுந்தியாள், புருஷனை விரட்டியவள். கிடைத்தால் புருஷனை இழந்தவள். இரண்டில் ஒன்றைத்தான் அவளால் வேண்டிக்கொள்ள முடிந்தது. “உள்ளதான் இருக்காரு அத்தான். எனக்குத் தெரியும். எடுத்துத் தந்திரச் சொல்லுங்க” என்று அவள் என்னிடம் கெஞ்சினாள். தன் கணவன் செத்துக் கிடக்க வேண்டும் என்று ஒருத்தி கெஞ்சுவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

தீயணைப்பு வீரர்கள் கயிற்றில் பாதாளக்கரண்டியை இறக்கித் துழாவினார்கள். குழியின் ஆழத்துக்கு அது எட்டவில்லை. அடியில் குவாரிக்காரர்கள் விட்டுப்போன கம்பிவடம் கிடந்ததால் முக்குளிப்பவர்களையும் அனுப்பவில்லை. தூத்துக்குடியில், துறைமுகத் தூண்களை நீருக்கடியில் படம் எடுக்கும் ஆளில்லாத இயந்திரம் ஒன்று இருப்பதாகச் சொல்லி அதை வரவழைத்தார்கள்.

அது வருவதற்கு முன்பு, புதன்கிழமை, கொழுந்தியாளின் தம்பி, என் மைத்துனன், ஒரு காரியம் செய்தான். என் மாமனார் வீடு சிற்றாற்றங்கரையில். ஆற்றோடு போனவரைத் தேடும்போது அவர் உடுத்திய வேட்டியைத் தண்ணீரில் விடுவது அங்கே வழக்கம். துணி போகிற போக்கில் போய்ப் பார்த்தால், அது மாட்டுகிற வேரிலோ பாறையிலோ ஆளும் மாட்டியிருப்பார். ஆற்றுக்கு அது பொருத்தமான வழிதான். மைத்துனன் தமக்கை வீட்டுக் கொடியில் கிடந்த வேட்டியை யாரிடமும் சொல்லாமல் உருவிக்கொண்டு வந்து குழியில் விட்டான். ஓட்டமில்லாத தண்ணீர். வேட்டி போட்ட இடத்திலேயே ஊதிக்கொண்டு மிதந்தது. கம்பால் இழுத்து, ஒரு கல்லை வைத்து முடிந்து, நடுக்குழியில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனான். கும்பிட்டுச் செய்த காரியத்தை அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை இயந்திரத்தோடு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். மஞ்சள் நிறம், அரிசிப்பை அளவு. முன்னால் இரண்டு விளக்கு, நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு கை, பின்னால் நீளமான ஆரஞ்சு வயர். அருவியில் குளிக்க முடியாத கூட்டம் தோளில் காய்ந்த துண்டோடு இங்கே வந்து சேர்ந்தது. பஜ்ஜி வண்டியும் வந்தது. திரைக்கு வெயில் படாமல் குடை பிடித்திருந்ததால் பின்னால் நின்றவர்களுக்குக் கோபம்.

“டிவிய இங்கன திருப்புங்க அண்ணாச்சி. நாங்களும் ஆளுதான?”

“ஒனக்குப் படம் போட்டுக் காட்டணுமாலே? போயி பஜ்ஜியத் தின்னு.”

முதலில் ஒலியால் பார்க்கும் சோனாரைச் சுற்றவிட்டார்கள். சாம்பல் நிறப் படத்தில் இரண்டு வெளிச்சத் திட்டுகள். ஒன்று நடுக்குழியில், மற்றது வடக்குச் சுவரின் அடியில். இயக்கிய இளைஞன் சொன்னான்: “நடுவுல உள்ளது துணி மாதிரி தெரியுது. மொதல்ல அதப் பாப்போம். சுவரு ஓரம் வடம் கெடக்கு. வயர் சிக்கினா மிஷின் திரும்பாது.”

இயந்திரம் இறங்கியது. தண்ணீர் கலங்கல். இரண்டு முறை வழி தவறி ஏறி இறங்கிய பிறகு திரையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகு துணியின் பச்சைக் கரை தெரிந்தது.

“அவரு வேட்டிதான். குளிக்கக் கெட்டியிருப்பாரு” என்றாள் கொழுந்தியாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வந்துட்டாரு அத்தான்.” அவள் முகத்தில் இருந்தது நிம்மதி. கூட்டம் அதையும் பார்த்தது. மைத்துனன் மட்டும் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொடுக்கு முடிச்சைப் பற்றி மேலே கொண்டுவந்தது. கரையில் அவிழ்த்தார்கள். கல் உருண்டது.

“ஆளு கல்லாயிட்டான் வேய்” என்று யாரோ சொல்ல, சிரிப்பு குழியைச் சுற்றிப் போனது.

தாயார் கல்லைக் கையில் எடுத்தார். “பாத்தியளா? எம்மவன் செத்துட்டான்னு ஊர நம்பவைக்கக் கெட்டிப் போட்டிருக்காளுவ.”

“அத்தை, நான்தான் போட்டேன். அக்காவுக்குத் தெரியாது. எங்க ஊர்ல ஆத்துல போடுதது…”

“இது ஆறாலே?”

மைத்துனன் உண்மையைச் சொன்ன பிறகும் அது கட்டுக்கதை மாதிரியே கேட்டது. பேட்டரி பெரும்பாலும் தீர்ந்திருந்தது. மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தியாள் அந்த இளைஞனிடம் போய் நின்றாள்.

“தம்பி, அந்தச் சுவரு ஓரம் ஒண்ணு இருக்குன்னியளே.”

“பாறையாத்தான் இருக்கும் அக்கா. மிஷின் போச்சுன்னா எங்க வேல போயிரும்.”

இயந்திரத்தை நல்ல தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி, பஞ்சு வைத்த பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். போலீசில் கொடுத்த புகார் ‘காணவில்லை’ என்றே நின்றது.

புறப்படும்போது தாயார் சுருக்குப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து, அத்தனை பேர் முன்னிலையில் மருமகளின் நெற்றியில் அழுத்தி வைத்தார். “எம்மவன் இருக்கான். இத அழிச்சேன்னா கைய ஒடிச்சிருவேன்.” பிறகு பைக்கை ஆள் வைத்து ஓட்டிக்கொண்டு போய், மருமகள் நுழையாதபடி வீட்டைப் பூட்டிக்கொண்டார்.

கொழுந்தியாள் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் அந்த அம்மாள் வாசல் வரை வருகிறார், நெற்றியைப் பார்க்கிறார், போகிறார். புருஷன் இருக்கிறவள் என்று யாரும் அவளைக் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை, இல்லாதவள் என்று அவளால் ஒரு பிடி எள் இறைக்கவும் முடியவில்லை. இயந்திரத்தைத் திரும்ப வரவழைக்க நான் அலைந்ததற்கு, குழியைச் சுற்றி முள்வேலி வந்ததுதான் பலன்.

சோனார் படத்தின் பிரதி ஒன்றை அந்த இளைஞன் அனுப்பினான். நாளிட்டு வைத்திருக்கிறேன். அவளிடம் காட்டவில்லை. வடக்குச் சுவரின் அடியில் தெரியும் திட்டு பாறையா, என் சகலையா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.