ரூபி அக்காவும் கால் உடைந்த ஆடும்

ரூபி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. நான் நம்பவில்லை. அந்தக் குழுவை அறிந்த யாரும் உடனே நம்பமாட்டார்கள். போளூரில் மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு மாலை போட்ட படத்தோடு இரங்கல் தெரிவித்தவர்கள்தானே நாம். அன்று "யார் பார்த்தது?" என்று கேட்டவர் ரூபி அக்கா ஒருவர்தான். ஆகவே அவர் கணவருக்குப் போன் செய்தேன். "ஆமாம்பா, வேலூர் ஆஸ்பத்திரில. காலைல" என்றார். "நீங்க கூட இருந்தீங்களா மாமா?" என்று என் வாய் தானாகக் கேட்டது. "கைய புடிச்சிகினுதான்பா இருந்தேன்" என்றார். அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை.

அக்கா ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் கொள்முதல் பார்த்தவர். நெய்து வரும் சேலை எவ்வளவு பளபளத்தாலும் முதலில் அதை உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். "மேல்பக்கம் எல்லாருக்கும் காட்டறதுக்கு. அறுந்த இழையெல்லாம் அடியிலதான் கீது" என்பார். புதன்கிழமை மாலைகளில் வேதபாட வகுப்பை நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தினோம். விளக்கவுரைகள், வேதாகம அகராதிகள், பவுல் போன வழிகளின் வரைபடங்கள் என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் நான் போனில் எடுத்துப் போவேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்கத்தைப் படிக்காமல் நேராகப் பக்கத்தின் அடிக்குப் போவார். யார் எழுதியது, எதைப் பார்த்து எழுதியது என்று தேடுவார். அது இல்லையென்றால் போன் என் கைக்குத் திரும்பிவிடும்.

சில நேரம் இது பெரிய பேஜார். எருசலேமின் அருமையான வரைபடம் ஒன்றை ஒருமுறை காட்டினேன். பக்கத்தில் முடி வளரும் எண்ணெய்க்கு விளம்பரம் ஓடியதால் அதை வகுப்பில் காட்டக் கூடாது என்றார். வரைபடம் சரிதான் என்று அச்சிட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். "சரியா இருக்கலாம் தம்பி. சகவாசம் சரியில்ல" என்றார். கடைசிவரை அதைக் காட்டவிடவில்லை.

மழை பெய்த ஒரு நாள் கடைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வேலூரில் அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைக்கும்வரை வீட்டில்தான் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்களில் கண்ணமங்கலத்திலிருந்து ஒரு சகோதரியும் வந்தார். ஏதோ ஒரு வேதாகம விளக்கத் தளத்தில் படித்த கதையைப் படத்தோடு காட்டினார். ஓயாமல் வழிதப்பிப் போகும் ஆட்டின் காலை அந்தக் காலத்து மேய்ப்பன் தானே உடைப்பானாம். பிறகு கட்டுப்போட்டு, குணமாகும்வரை தோளில் சுமப்பானாம். அதற்குப் பின் அந்த ஆடு அவனை விட்டு நகராதாம். "ஆண்டவர் உங்கள கிட்ட சேத்துக்கத்தான் ஒடைச்சிகிறாரு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நான் போனபோது, இதை வைத்து அக்கா கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "நெசமா இருந்தா இன்னா பண்றது தம்பி?" என்று கேட்டார். "கடை, கடைன்னு எத்தினி ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வராம இருந்துக்கிறேன். அதுக்குத்தான் ஒடைச்சாரா?" ஊரில் எந்த வியாபாரிக்கும் பயப்படாத மனுஷி, தான் கும்பிட்ட கடவுளுக்கே பயந்துபோய்ப் படுத்திருந்தார். அந்தக் கதையை எழுதியவன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அவனைத் தேட ஆரம்பித்தேன். எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதே கதை, அதே வாக்கியங்கள், அதே படம். ஒன்று இன்னொன்றைக் கைகாட்டியது. அது மூன்றாவதைக் கைகாட்டியது. மூன்றாவது பக்கம் இப்போது இல்லை என்று திரையில் வந்தது. எந்த ஊர் மேய்ப்பன், யார் பார்த்தது, எந்தப் பழைய நூலில் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் ஆராய்ச்சியாளர் ஒருவரின் கட்டுரை கிடைத்தது. இப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று காரணத்தோடு எழுதியிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அக்கா படித்துவிட்டு என்னையே பார்த்தார். "நீயே எழுதி போட்டுட்டு வந்தியா?" என்றார்.

"பேரு கீதே அக்கா, பாருங்க."

"பேரு யாரு வேணா போடலாம். எனக்கு புடிச்ச மாதிரியே கீது பாரு, அதான் சந்தேகமா கீது."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. இப்போது யோசித்தால் அவர் பக்கம் நியாயம் தெரிகிறது. பயமுறுத்திய கதையைச் சோதித்தவர், தேற்ற வந்த கட்டுரையையும் அப்படியே சோதித்தார். தனக்கென்று சலுகை எடுத்துக்கொள்ளவில்லை.

விளக்கம் எதுவும் வேண்டாம், சொல்லைத் தேடினால் வசனத்தைக் காட்டும் தமிழ் வேதாகமத்தை மட்டும் போனில் ஏற்றித் தா என்றார். படுத்தபடியே மேய்ப்பன், ஆடு, எலும்பு என்று ஒவ்வொன்றாகத் தேடி, வந்த வசனங்களை முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தார். "இது ஒண்ணுதான் வாய மூடிகினு கீது. எங்க கீதுன்னு காட்டிட்டு கம்முனு இருக்குது" என்று அதற்கு நற்சாட்சியும் கொடுத்தார். காணாமல்போன ஆட்டின் உவமையில் மேய்ப்பன் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வருகிறான். கால் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் கடவுள் தன் எலும்புகளை நொறுக்கியதாகத் தாவீது அழும் சங்கீதம் ஒன்று உண்டு. அது அவர் கண்ணில் படக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். பட்டுவிட்டது. எனக்கே வாசித்துக் காட்டினார். "இது அவரு தன்ன பத்தி தானே சொல்லிகினது. பாக்க வந்தவங்க சொல்லல" என்றார்.

அறுவை சிகிச்சைக்கு வேலூர் போகும் வழியில், வண்டியிலிருந்தே கூப்பிட்டார். "எசேக்கியேல்ல மேய்ப்பனுங்கள பத்தி வருது பாரு தம்பி. ஆடுங்க எலும்பு முறிஞ்சி கெடக்குதுங்க. அவரு வந்து கட்டறாரு. கட்டாம வுட்ட மேய்ப்பனுங்க மேலதான் கோவமா கீறாரு." பிறகு, பல நாள் கழித்து, பழையபடி சிரித்தார். "கட்டறவருப்பா. ஒடைக்கறவரு இல்ல. நானே பாத்துட்டேன்." நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். சிகிச்சைக்குப் பின் காய்ச்சல் வந்தது. அது இறங்கவே இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கண்ணமங்கலம் சகோதரி மாமாவின் பக்கத்தில் வந்து, "ஆண்டவர் இடுப்ப ஒடைச்சப்பவே..." என்று ஆரம்பித்தார். கோயிலில் ஆமென் தவிர மாமா வேறெதுவும் பேசி நான் கேட்டதில்லை. "அது எங்க எழுதி கீதும்மா?" என்றார் மெதுவாக. அந்த அம்மா போனில் அந்தப் படத்தைத் திறந்து நீட்டினார். "இதுல இல்லம்மா. பைபிள்ல" என்றார் மாமா. அந்த அம்மா விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். பிறகு போனைப் பையில் வைத்துவிட்டு, வெகுநேரம் அவருடனேயே உட்கார்ந்திருந்தார்.

ரூபி அக்காவுக்கு விசுவாசம் போதாது என்று நம்மில் சிலர் பேசியது எனக்குத் தெரியும். பேசியவர்களும் இதைப் படிப்பீர்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது, நானே தேடிப் படிக்காத ஆறுதலை எடுத்துப் போவதில்லை. தேடியும் கிடைக்காத நாளில் வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன்.