நண்டுத் தட்டும் பொண்ணு போட்டோவும்

அட, அதுக்கா மருமவகிட்ட கோச்சிகினு இங்க வந்து குந்திகினு கீற? மீன் கொயம்பு ஊத்தி வச்சா துன்னாம செல்லுல போட்டோ புடிக்கறாளாம், சோறு ஆறிப்பூடுதாம். புடிக்கட்டும் வுடு தங்கச்சி. தோ, சாமி படத்தாண்ட ஒண்ணு மாட்டிகீதே, வந்ததுலேர்ந்து அத்தயே பாக்கறியே, ரெண்டு கையிலயும் நண்ட புடிச்சிகினு பல்லெல்லாம் தெரிய கடிக்கறாளே, அது எம் பெரியவதான். அவளுக்கு கல்யாணம் ஆனதே அந்த போட்டோவாலதான். அந்த வெங்காயத்த இப்டி தள்ளு, உரிச்சிகினே சொல்றேன்.

அப்போ அயனம்பாக்கத்துல நம்ப பக்கம் முச்சூடும் வயலு. நான் கீரைய கட்டுகட்டி கூடையில வச்சிகினு ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் போய் விப்பேன். அங்க ஒரு ஆபீசர் பொண்டாட்டி இருந்துச்சி, புனாக்காரம்மா. அது பேரு எனுக்கு வாயில நொயையாது, புனாம்மான்னுதான் கூப்புடுவேன். கயுத்துல எந்நேரமும் கேமரா தொங்கும். கீரைய வாங்குனா அலசறதுக்கு முன்னாடி அத்த ஒரு போட்டோ புடிச்சிட்டுதான் மறுவேலை. அப்பால எங்கூரையும் புடிக்கணும்னு சொல்லிச்சி, அது புருசன் அத்த ஸ்கூட்டர்ல கொண்ணாந்து எங்கூர்ல எறக்கி வுட்டுட்டுப் பூடுவாரு. ஏரில முங்கி எந்திரிக்கற நீர்க்காக்கா, செவுத்துல தட்டன எருமுட்டை, வரப்புல குந்திகினு நாங்க கூயு குடிக்கறது, எல்லாத்தையும் புடிக்கும். போட்டோன்னா நாங்க இன்னா பண்ணுவோம், ஓடிப்போய் பவுடர் பூசி, பொட்டில கீற பொடவைய கட்டிகினு, போலீஸ்காரன் மாதிரி வெறப்பா வந்து நிப்போம். ஒடனே அது கேமராவ எறக்கிடும். "அப்டியே இரு, மாத்தாத, அப்டியே இரு." அதுக்கு ஒயுங்கா வந்த தமிய் அவ்ளோதான். எங்க மாமியாருக்கு புடிக்கவே புடிக்காது. அழுக்குப் பொடவையில நம்பள புடிச்சிகினு போய் புனாவுல மானத்த வாங்கப்போறான்னு திட்டிகினே கெடக்கும்.

ஒரு நாள் அதோட ஊர் பக்கம் புடிச்ச போட்டோவெல்லாம் கொண்ணாந்து காட்டுச்சி. மயையில கீற மலை, பச்சப்பசேல்னு. ஒரு பொம்பள ஆம்பள மாதிரி பொடவைய பின்னாடி சொருவிகினு, சோளமாவ கையாலயே தட்டித் தட்டி ரொட்டி போடறா. இன்னொண்ணுல சமுத்திரத்தாண்ட கருவாடு காயுது, கெயவி ஒருத்தி குச்சி வச்சிகினு காக்கா தொரத்தறா. எங்க மாமியாரு குனிஞ்சி குனிஞ்சி பாத்துது. "அட, இவளும் என்ன மாதிரிதான் கெடந்து லோல்படறா"ன்னு சொல்லிச்சி. அன்னியிலேர்ந்து புனாம்மா வந்தா மொதல்ல மோர் குடுக்கறது அதுதான்.

எம் பெரியவ கதைக்கு வர்றேன் இரு. அவளுக்கு முன்னாடி ரெண்டு தெத்துப்பல்லு. பொண்ணு போட்டோ வோணும்னு தரகர் கேட்டாருன்னு அம்பத்தூர்ல ஸ்டூடியோவுக்கு இட்டுகினு போனேன். பின்னாடி அருவி வரஞ்ச தெர, பக்கத்துல பிளாஸ்டிக் ரோசா. சிரிக்காத, வாய மூடு, இன்னும் மூடுன்னே சொல்லி அந்த ஆளு புடிச்சாரு. வந்து பாத்தா பல்லுவலிக்காரி கணக்கா கீறா. அந்த போட்டோ எந்தூட்டுக்குப் போனாலும் திரும்பி வந்துடும். ஒவ்வொரு தபா வரும்போதும் அவ வாய கையால பொத்திகினு பேசறது ஜாஸ்தியாச்சி. பெத்தவ எனுக்கு எப்டி இருக்கும் சொல்லு.

அந்த மயை காலத்துல வயல் நண்டு கொயம்பு வச்சிருந்தேன். பொண்ணு ரெண்டு கையாலயும் ஒடச்சி உறிஞ்சிகினு இருந்தா. அப்போதான் புனாம்மா இந்த போட்டோவ புடிச்சிது. கொஞ்ச நாள்ல கயுவிக் கொண்ணாந்தும் குடுத்துச்சி. பொண்ணு அத்தயே வச்சி வச்சி பாத்துகினு இருந்தா. நான் கண்டுக்கல. அப்பால பாரிவாக்கத்து வரன் ஒண்ணு கீதுன்னு தரகர் வந்தப்போ நான் வயல்ல இருந்தேன். இவளே எடுத்துக் குடுத்து அனுப்பிட்டா. எத்த? இந்த நண்டு போட்டோவ! எனுக்கு வந்துச்சி பாரு கோவம். "ஏண்டி, மானத்த வாங்கிட்டியே"ன்னு கத்தறேன், அவ வாய பொத்தாம நிமிந்து நின்னுகினு சொல்றா: "ஸ்டூடியோவுல கீறது நான் இல்லமா. வேணாங்கறவன் என்னப் பாத்தே வேணாம்னு சொல்லட்டும்."

ஞாயித்துக்கெயம பாக்க வர்றோம்னு சேதி வந்துச்சி. கிண்டல் பண்ணத்தான் வர்றாங்கன்னு எங்க மாமியாரு ஒரே பொலம்பல். அதுலயும் பேஜாரு இன்னான்னா, புனாம்மா புருசனுக்கு ஊர் மாத்தலாகி அந்த வாரமே கெளம்பறாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு தபா நண்டு கொயம்பு வோணும்னு கேட்டு, ஞாயித்துக்கெயம வான்னு நான் வாக்கு குடுத்துட்டேன். பொண்ணு பாக்கற ஊட்டுல கவிச்சி ஆவுமா? கொல்லையில வச்சி ஆக்கி, தட்டு போட்டு மூடி வச்சிட்டேன். புனாம்மா வந்ததும் அத்தயும் கொல்லையிலயே குந்த வச்சிட்டேன். பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு கேசரி, பஜ்ஜி, காபி. அவ்ளோதான் வயக்கம். பேச்சு முடியறதுக்கு முன்னாடி சோத்துல கை நனைச்சிட்டா சம்பந்தம் முடிவாயிடுச்சின்னு அர்த்தம், யாரும் நனைக்க மாட்டாங்க.

மாப்ள, அவங்க அம்மா, அப்பா மூணு பேரும் வந்தாங்க. மாப்ள தலைய தூக்கல. அவங்கப்பா மட்டும் மூக்க இப்டி அப்டி திருப்பறாரு. கேசரிய தொடல. மெதுவா எங்கிட்ட கேக்கறாரு, போட்டோவுல இருந்த கொயம்பு வாசனதானா இதுன்னு. அந்தம்மா அவர முயங்கையால ஒரு இடி இடிச்சிது. அதுக்குள்ள கொல்லையிலேர்ந்து புனாம்மா சோத்துல நண்டு கொயம்பு ஊத்துன தட்ட எடுத்துகினு வந்து அவரு முன்னாடி வச்சிடுச்சி. அதுக்கு நம்ப வயக்கம் இன்னா தெரியும். மனுசன் ஒரு நிமுசம் தட்டப் பாத்தாரு, பொண்டாட்டியப் பாத்தாரு. நேரா சோத்துல கைய வச்சாரு.

புனாம்மா கேமரா டிக்குன்னு சத்தம் போட்டுச்சி. அப்பால மாப்ளயோட அம்மா பெருமூச்சு வுட்டு எங்கிட்ட சொல்லிச்சி, "இன்னா பண்றது சம்பந்தி, கைய நனைச்சிட்டாரே. தெத்துப்பல்லு நண்டுக்கு வாகா இருக்கும், வுடு." பொண்ணு குபீர்னு சிரிச்சா பாரு, வாயப் பொத்தவே இல்ல. அப்பதான் மாப்ள தலைய தூக்குனாரு. ஒருத்தரும் சரின்னு வாயால சொல்லல, ஆனா கல்யாணம் முடிவாயிடுச்சி.

அன்னிக்கி புனாம்மா புடிச்சது எங்கிட்ட வரல. அடுத்த நாளே பூட்டாங்க. புனாவுல எந்த ஊட்டுலயோ எஞ் சம்பந்தி கை கொயம்போட கீது. அங்க ஒரு மாமியாரு குனிஞ்சி பாத்து, இவனும் நம்ப வூட்டுக்காரன் மாதிரிதான்னு சிரிச்சிகினு இருப்பா.

அதான் சொல்றேன், உம் மருமவள ஒண்ணும் கேக்காத. இங்க இட்டுகினு வா. இன்னிக்கி மாப்ள வர்றாரு, நண்டுதான், கொதிக்கும்போது ஒரு போட்டோ புடிக்கட்டும். ஐய, நண்டுத் தொட்டிய மூடாம வந்துட்டேன் போலகீதே, தோ ஒண்ணு உன்னாண்ட நவந்துகினு வருது பாரு. கால தூக்கு தங்கச்சி, கால தூக்கு.