ஒற்றைப் பலகையில் ஒரு பந்தயம்

மூன்று வயதில் வந்த போலியோவில் என் இடது கால் சூம்பிப்போனது. பள்ளியில் விளையாட்டு வகுப்பென்றால் மற்றவர்களின் சட்டைகளுக்குக் காவல் இருப்பேன். இருபத்தாறு வயதில், காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரோடு, ஜெர்மனியின் கார்ஹிங்குக்கு பௌதிக ஆராய்ச்சி செய்ய வந்து சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. மியூனிக்கிலிருந்து தினமும் பஸ். பனி உறைந்த நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கருவிகளுக்கு வரைபடம் போடும் பெண்ணுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். பதினேழு வயதில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது காலை இழந்தவள். டிசம்பரில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நான் வழுக்கி விழுந்தேன். தன் கைத்தடியை நீட்டி என்னை எழுப்பிவிட்டவள், அடிபட்டதா என்று கேட்கவில்லை.

"உன்னோட வலது கால் பலமா இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"மார்ச்சில ஒரு பனிச்சறுக்குப் பந்தயம். ஒத்தைக் கால்ல சறுக்குறவங்களுக்கு. அணிக்கு மூணு பேர் வேணும். நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம். ஞாயித்துக்கிழமை மலைக்கு வா."

என் அறைத்தோழன் திருநெல்வேலிக்காரன். விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டான். "ஏலே, சீரியஸாத்தான் சொல்லுதியா? இருக்க ஒரு காலையும் ஒடச்சுக்கிட்டா தீசிஸை யாரு எழுதுவா?"

ஆனாலும் போனேன். காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, இடது காலை மடக்கி பெல்ட்டால் கட்டிக்கொண்டேன். வலது காலுக்கு ஒரு நீளப் பலகை. கைகளில் இரண்டு ஊன்றுகோல்கள். அவற்றின் நுனியிலும் குட்டிப் பலகைகள். முதல் ஞாயிறு முழுக்க விழுந்தேன். இரண்டாவது ஞாயிறும்தான். நான்காவது ஞாயிறு, உடம்பைச் சாய்த்ததும் பலகை தானாக வளைந்து திரும்பியது. அன்றிலிருந்து வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் எனக்கு மெதுவாகத்தான் நகர்ந்தன.

பந்தயம் ஆல்காய் மலைப்பக்கம் ஒரு கிராமத்தில். பெயர் பதிந்துகொண்டவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல பனி உண்டா?" என்று கேட்டார்.

"சர்பத்துக்குப் போடுற ஐஸ்தான் உண்டு" என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

கொடிக்கம்புகள் ஜோடி ஜோடியாக நடப்பட்டிருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் புகுந்து இறங்க வேண்டும். மூவருடைய நேரத்தையும் கூட்டுவார்கள். ஒருவர் முடிக்காவிட்டாலும் அணிக்கு இடம் கிடையாது. அவள் முதலில் இறங்கினாள். அன்று அவளைவிட வேகமாக யாரும் வரவில்லை. அடுத்து, எங்கள் அணியின் இன்னொருவர், போரில் காலை இழந்த தபால்காரர். அவரும் சுத்தமாக முடித்தார். கடைசியில் நான்.

ஐந்து ஜோடிகளைத் தாண்டினேன். ஆறாவதில் தாமதமாகத் திரும்பினேன். தோள் தரையில் மோதி, வாயெல்லாம் பனி. எழுந்து பார்த்தால் கொடிகள் எனக்கு மேலே இருபதடி தூரத்தில் நின்றன. திரும்பி ஏறி, அவற்றினூடே வந்தால்தான் கணக்கு.

ஒற்றைக் காலில், பக்கவாட்டில், பலகையைத் தூக்கித் தூக்கி வைத்து ஏற ஆரம்பித்தேன். ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கியது. கீழேயிருந்து அத்தனை ஜெர்மன் கூச்சலுக்கும் நடுவே ஒரு குரல் தனியாகக் கேட்டது. "ஏலே, விட்றாத. ஏறு. இன்னும் கொஞ்சந்தான்." கழுத்தில் மஃப்ளரும் கையில் கேமராவுமாக என் அறைத்தோழன். வருவதாக அவன் சொல்லவே இல்லை.

ஏறிவிட்டேன். கொடிகளுக்குள் புகுந்ததும் பயம் எங்கோ போயிருந்தது. காது அடைக்கும் காற்று. சாய்ந்தேன், திரும்பினேன், மறுபடி சாய்ந்தேன். அந்த வேகம் என் காலிலிருந்துதான் வருகிறது என்று உறைத்தபோது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். நிற்கத் தெரியாமல், ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளில் போய் மோதினேன்.

நான்கு அணிகளில் நாங்கள் மூன்றாவது. நான்காவது அணியில் ஒருவர் பாதியில் விலகியிருந்தார்.

அவள் என் முதுகிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "ஆறாவதுல முன்னாடியே திரும்பியிருக்கணும்."

"மலைக்கு ஏத்துற லிஃப்ட் எத்தனை மணி வரைக்கும் ஓடும்?" என்று கேட்டேன்.

"நாலு."

மணி மூன்றேகால். தபால்காரர் தன் ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டார். மூவரும் மேலே போனோம்.