மெதுவாக உலர்த்தப்பட்டது

“மாதிரி எண் ஏழு. கடல் மணற்கல். ஈரக்காற்று அடுப்பில் மூன்று நாள் மெதுவாக உலர்த்தப்பட்டது.” செம்பூரில் நான் வேலை பார்த்த பாறைச் சோதனைக்கூடத்தின் பதிவேட்டில், ஒரு வெள்ளிக்கிழமை, என் கையெழுத்தில் ஆங்கிலத்தில் உள்ள வரி இது. நகல் என்னிடம் இருக்கிறது. பால்காரர் வராத நாளைக்கூடக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு. தெரிந்தே எழுதிய பொய்க் குறிப்பு இது ஒன்றுதான்.

கல்லை அறுத்து, கழுவி, உலர்த்தித் தருபவரை அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியிலிருந்து வருவார். அறுத்த கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உள்ளே இறங்கும் வேகத்தைப் பார்ப்பார். பிறகு நுனிநாக்கை அதில் வைப்பார். ஏழாம் எண் கல்லில் வைத்தவர், “நாக்கைப் பிடிக்கி சார். உள்ளே களி கெடக்கு” என்றார்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணல் அது. மணல்மணிகளுக்கு நடுவே இடம் இருந்தால் எண்ணெய் தங்கும். அந்த இடங்களுக்கிடையே வழி இருந்தால்தான் வெளியே வரும். இந்தக் கல்லிலோ வழியெல்லாம் மயிரிழை போன்ற களிமண். சூட்டில் வேகமாகக் காய்ந்தால் இழைகள் சுவரோடு ஒட்டிப் படிந்துவிடும். பூமிக்குள் அடைத்துக் கிடக்கும் வழி, சோதனையில் திறந்திருப்பதாகக் காட்டும்.

செவ்வாய் மாலை கல்லை ஈரக்காற்று அடுப்பில் வைத்துவிட்டு, மைத்துனர் கல்யாணத்துக்காக அண்ணாச்சி இரண்டு நாள் விடுப்பில் போனார். “இதை மட்டும் அவசரப்படுத்திராதிய சார். கல்லுக்கு ஒங்க காலண்டர் தெரியாது.”

மூன்று நாள் முடிய வெள்ளி மாலை ஆகும்; அறிக்கையோ வெள்ளி மதியமே போக வேண்டும். நான் தேதி தவறியதே இல்லை. வியாழனன்று கல்லைச் சாதாரண அடுப்புக்கு மாற்றிச் சூட்டை ஏற்றினேன். மறுநாள் காலை எண்கள் அழகாக வந்தன.

“அதுக்குள்ள காஞ்சிட்டா? ஊதி ஊதிக் காய வச்சியளோ?” என்றார் திரும்பிவந்த அண்ணாச்சி. நான் சிரித்துக்கொண்டே பதிவேட்டை நீட்டினேன். உலர்த்தியவர் என்ற இடத்தில் தமிழில் கையெழுத்திட்டார்.

அந்த அறிக்கையை நம்பி, கல் எடுத்த எண்ணெய்க் கிணற்றைச் சோதித்தார்கள். எண்ணெய் கசிந்தது, ஓடவில்லை. கல்லின் மீதித் துண்டை வேறிடத்தில் மெதுவாக உலர்த்திச் சோதித்ததில் வழி அடைத்திருப்பது தெரிந்து, மேலாளர் எங்கள் அறைக்கு வந்தார். “கிஸ்னே சுகாயா?” யார் உலர்த்தியது என்று கேட்டார். நான் அண்ணாச்சியைப் பார்க்காமல், “ரெஜிஸ்டர்ல சைன் இருக்கு சார்” என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் இன்றும் கூசுகிறது.

அண்ணாச்சி கையிலிருந்த ஈரத்துணியை மடித்தார். “சைன் நம்மளதுதான் சாப்.”

அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதன் பிறகு எந்தக் கல்லையும் அவர் தொடவில்லை. மழைக்காலம் முடியுமுன் வேலையை விட்டுவிட்டார்.

நான் எழுதியிருந்த ஆங்கில வரியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாரா, என்னை நம்பிப் படிக்காமலே இட்டாரா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. சொல்லக்கூடியவர் மான்குர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறார். செம்பூரிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். நான் போகவில்லை.